பார்மாவில் கேட்ட ஒலி: கண்ணாடி நியூரான்களின் வரலாறு

ஒரு செயலைத் தான் செய்யும்போதும், அதே செயலை இன்னொருவர் செய்யக் காணும்போதும் துடிக்கிற மூளைச் செல்லுக்குக் கண்ணாடி நியூரான் என்று பெயர். இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது வட இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில், 1990களின் தொடக்கத்தில். பாலாடைக்கட்டிக்கும் உலர்த்திய பன்றித்தொடை இறைச்சிக்கும் பேர்போன அந்த ஊர், அடுத்த பத்தாண்டுகளில் நரம்பியலாளர்கள் ஓயாமல் உச்சரிக்கும் பெயரானது. மனிதர் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், குழந்தை எப்படிப் பார்த்துப் பழகுகிறது, மொழி எப்படித் தோன்றியது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் அங்கே விடை கிடைத்துவிட்டதாகப் பலர் நம்பினர். அந்த நம்பிக்கையில் ஒரு பகுதி நின்றது, பெரும்பகுதி உதிர்ந்தது.

கேள்வி பார்மாவை விட மிகப் பழையது. கயிற்றின் மேல் நடப்பவனை அண்ணாந்து பார்க்கும் கூட்டம், அவன் சாயும் பக்கம் தானும் சாய்ந்து நெளிவதை 1759இலேயே ஆடம் ஸ்மித் எழுதிவைத்தார். சிற்பத்தையும் கட்டடத்தையும் பார்ப்பவர் தம் உணர்வை அவற்றுக்குள் செலுத்திப் பார்ப்பதைக் குறிக்க, 1873இல் ராபர்ட் விஷர் ‘ஐன்ஃபூலுங்’ என்ற ஜெர்மன் சொல்லைக் கையாண்டார். உள்ளே புகுந்து உணர்தல் என்பது அதன் பொருள். தியோடோர் லிப்ஸ் அதைக் கலையிலிருந்து மனித உறவுக்கு நகர்த்தினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் கழைக்கூத்தாடிதான். 1909இல் எட்வர்ட் டிட்ச்சனர் அச்சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது ‘எம்பதி’ பிறந்தது. இதற்கிடையே 1890இல் வில்லியம் ஜேம்ஸ், ஓர் அசைவை மனத்தில் நினைப்பதே அந்த அசைவின் தொடக்கம் என்றும், வேறொன்று தடுக்காவிட்டால் நினைப்பு தானாகவே செயலாகிவிடும் என்றும் வாதிட்டிருந்தார்.

இவையெல்லாம் கூர்ந்த கவனிப்புகள். மூளைக்குள் நடப்பதை யாரும் பார்க்கவில்லை. முதல் தடயம் 1954இல் பிரான்சில் கிடைத்தது. கைகால் ஓய்ந்திருக்கும்போது, தலையின் நடுப்பகுதியில் வைத்த மின்முனைகளில் நொடிக்குப் பத்து முறை அளவில் ஓர் அலை தெரியும். கையை அசைத்ததும் அது மறைந்துவிடும். ஆன்றி காஸ்டோ, ழாக் பெர் ஆகிய இருவரும் ஆட்களை உட்காரவைத்துத் திரைப்படம் காட்டியபடி இந்த அலையைப் பதிவு செய்தனர். திரையில் குத்துச்சண்டைக்காரர்கள் தோன்றியதும், நாற்காலியில் அசையாமல் இருந்தவர்களின் தலையிலும் அலை மறைந்தது. கவனிப்பாரின்றிப் பல பத்தாண்டுகள் கிடந்த அந்தக் கட்டுரை, பார்மாவின் கண்டுபிடிப்புக்குப் பிறகே மீண்டும் தேடிப் படிக்கப்பட்டது.

அது கிடப்பில் கிடந்ததற்குக் காரணம் உண்டு. 1870இல் பெர்லினில் குஸ்டாவ் ஃப்ரிட்ஷும் எடுவர்ட் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்சாரம் செலுத்தி, குறிப்பிட்ட இடங்களைத் தொட்டால் குறிப்பிட்ட தசைகள் அசைவதைக் காட்டியதிலிருந்து, மூளையின் முன்பகுதியில் இருக்கும் இயக்கப் புறணி கட்டளையை நிறைவேற்றும் இடம் மட்டுமே என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. கண்ணும் காதும் கொண்டுவருவதைப் பின்பகுதி பிரித்தறியும். நடுவில் எங்கோ முடிவு எடுக்கப்படும். முன்பகுதி தசைக்கு ஆணை அனுப்பும். 1960களில் எட்வர்ட் எவார்ட்ஸ் விழித்திருக்கும் குரங்கின் ஒற்றைச் செல்லைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கிய பிறகும், கேட்கப்பட்ட கேள்வி தசைக்கும் விசைக்கும் செல்லுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பதாகவே இருந்தது. இயக்கப் புறணிக்குப் பார்வை உண்டா என்று கேட்பதே விநோதமாகத் தோன்றிய காலம் அது.

ஜாக்கோமோ ரிசோலாட்டி 1937இல் கீவ் நகரில் பிறந்தவர். பாதுவாவில் மருத்துவமும் நரம்பியலும் படித்து, பீசாவில் ஜுசெப்பே மொருட்சியின் உடலியங்கியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, 1960களின் இறுதியில் பார்மாவுக்கு வந்தார். அவர் குழுவின் வேலைமுறை மற்ற ஆய்வகங்களிலிருந்து சற்று மாறுபட்டது. அன்றைய வழக்கப்படி குரங்கை ஒரே நெம்புகோலை ஆயிரம் முறை இழுக்கப் பழக்குவார்கள். பார்மாவில் குரங்கின் முன் உலர்திராட்சையும் ஆப்பிள் துண்டும் சிறிதும் பெரிதுமான பொருள்களும் வைக்கப்பட்டன. இயல்பாக எடுக்கும்போது எந்தச் செல் எப்போது துடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘கேட்டு’ என்பது நேர்ப்பொருளில்தான்: மூளைக்குள் செலுத்திய மெல்லிய உலோக மின்முனை ஒலிபெருக்கியோடு இணைக்கப்பட்டிருக்கும், செல் துடித்தால் அறையில் படபடவென்று வெடிப்பொலி கேட்கும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 1985இல் மாஸ்ஸிமோ மத்தெல்லி, ஜுசெப்பே லுப்பினோ ஆகியோருடன் ரிசோலாட்டி மக்காக் குரங்கின் முன்மூளை இயக்கப் பகுதிகளுக்குப் புதிய வரைபடம் தந்தார். அதில் எஃப்5 என்று பெயரிடப்பட்ட சிறு பகுதி கையையும் வாயையும் சார்ந்தது. 1988இல் வெளியான ஆய்வில், அங்குள்ள செல்கள் தசைக்கேற்பத் துடிக்காமல் நோக்கத்துக்கேற்பத் துடிப்பது தெரிந்தது. பற்றுதல், பிடித்தல், கிழித்தல் என்று செயலுக்குச் செயல் வேறு செல்கள். ஒரே பற்றும் செல் வலக்கை, இடக்கை, வாய் என எதனால் பற்றினாலும் துடிக்கும். சில செல்கள் பற்றத்தக்க பொருளைப் பார்த்த மாத்திரத்திலேயே துடித்தன. விரல்நுனியால் எடுக்க வேண்டிய சிறு பொருளுக்கு ஒரு செல், முழுக்கையால் பிடிக்க வேண்டிய பெரும் பொருளுக்கு வேறொன்று. இயக்கப் பகுதியிலும் ஒருவகைப் பார்வை உண்டு என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. கண்ணாடி நியூரான் வானத்திலிருந்து விழவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்த அறையில்தான் அது அகப்பட முடியும்.

அது அகப்பட்ட விதம் பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. ஒரு மாணவர் ஐஸ்கிரீமோடு உள்ளே வந்தார் என்பது ஒரு கதை, யாரோ வேர்க்கடலையை எடுத்தார் என்பது இன்னொரு கதை. கட்டுரைகள் சொல்வது எளிமையானது: சோதனைகளுக்கு நடுவே ஆய்வாளர் உணவுத் துண்டை எடுத்து வைத்தபோது, கையசைக்காமல் உட்கார்ந்திருந்த குரங்கின் எஃப்5 செல் துடித்தது. குரங்கு தானே எடுக்கும்போது துடிக்கும் அதே செல். முதலில் எழுந்த ஐயம் இயல்பானது. குரங்கு அறியாமல் கையை அசைத்திருக்கலாம், அல்லது உணவைக் கண்டு துடித்திருக்கலாம். ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார்கள். உணவை மட்டும் காட்டினால் செல் மௌனமாக இருந்தது. உணவில்லாமல் கை எடுப்பதுபோலப் பாவனை செய்தாலும் மௌனம். கை, பொருள், நோக்கம் மூன்றும் கூடிய காட்சிக்கே அது துடித்தது.

ஜுசெப்பே தி பெல்லெக்ரினோ, லூச்சானோ ஃபாதிகா, லியோனார்தோ ஃபோகாஸி, வித்தோரியோ கல்லேசே, ரிசோலாட்டி ஆகிய ஐவர் பெயரில் எழுதப்பட்ட கட்டுரை முதலில் ‘நேச்சர்’ இதழுக்குப் போனது. பொதுவான ஆர்வத்துக்கு உரியதல்ல என்று திருப்பப்பட்டதாக ரிசோலாட்டி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1992இல் ‘எக்ஸ்பெரிமென்டல் பிரெய்ன் ரிசர்ச்’ அதை வெளியிட்டது. ‘கண்ணாடி’ என்ற சொல் அதில் இல்லை. 1996இல் ‘பிரெய்ன்’ இதழில் வந்த விரிவான கட்டுரைதான் அப்பெயரைப் பரப்பியது. இரண்டு குரங்குகளில் பதிவான 532 செல்களில் 92 அந்த வகை. அந்த 92இலும் பார்த்த செயலும் செய்த செயலும் துல்லியமாக ஒத்துப்போனவை மூன்றில் ஒரு பங்கு அளவே. பெரும்பாலானவை தளர்வாக ஒத்தவை. கண்ணாடி என்ற பெயர் நினைவில் நிற்கும் பெயர். ஆனால் கண்ணாடி எதிரில் இருப்பதை அப்படியே காட்டும். இந்தச் செல்களில் மிகுதியானவை அப்படிக் காட்டவில்லை. பின்னால் வந்த குழப்பங்கள் பலவற்றுக்கு இந்தப் பெயரே வித்து.

அடுத்து வந்த பார்மா சோதனைகள் அழகானவை. 2001இல், கை திரைக்குப் பின்னால் போய் மறைந்தாலும், அங்கே உணவு இருக்கிறது என்று குரங்குக்கு முன்பே தெரிந்திருந்தால் சில செல்கள் துடிப்பதைக் காட்டினார்கள். 2002இல், வேர்க்கடலை உடையும் ஒலியையோ காகிதம் கிழியும் ஒலியையோ கேட்ட மாத்திரத்திலேயே துடிக்கும் செல்கள் தெரியவந்தன. 2005இல் ஃபோகாஸி, மேற்பக்க மூளையின் கீழ்ப்பகுதியில், தின்பதற்காக எடுத்தல், பாத்திரத்தில் போடுவதற்காக எடுத்தல் என்ற இரண்டையும் பிரித்தறியும் செல்களைக் கண்டார். கையின் அசைவு ஏறக்குறைய ஒன்றே. அடுத்து வரப்போவதுதான் வேறு. 2008இல் குரங்குகளுக்கு இரண்டு வகைக் குறடுகளைப் பழக்கினர்: ஒன்றில் கையை மூடினால் நுனி மூடும், மற்றதில் கையைத் திறந்தால்தான் நுனி மூடும். விரல்கள் நேரெதிராக அசைந்தும், பற்றும் செல் பற்றும் கணத்திலேயே துடித்தது.

குரங்கிலிருந்து மனிதருக்கு வந்ததும் சான்றின் தன்மை மாறியது. ஆரோக்கியமான மனித மூளைக்குள் மின்முனை செலுத்த முடியாது. 1995இல் ஃபாதிகா சுற்றிப்போய் ஒரு வழி கண்டார். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் இயக்கப் புறணியைத் தூண்டினால் கைத்தசை சிறிது துடிக்கும். ஒருவர் பொருளை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தூண்டினால் அந்தத் துடிப்பு கூடியது. கூடியதும் அந்தச் செயலுக்குத் தேவையான தசைகளில்தான். பார்ப்பவரின் கை வெளியே அசையவில்லை, உள்ளே ஆயத்தமாகியிருந்தது. 1999இல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்க்கோ யாக்கோபோனி, விரலைத் தூக்குவதைப் பார்த்துத் தூக்கும்போது, வேறு குறியைப் பார்த்துத் தூக்குவதைவிட, புரோக்கா பகுதியை ஒட்டிய இடம் கூடுதலாக வேலை செய்வதை எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில் கண்டார். புரோக்கா பகுதி பேச்சோடு தொடர்புடையது. குரங்கின் எஃப்5க்கு மனிதரில் இணையானதாகக் கருதப்படுவதும் அதையொட்டிய இடமே. அதற்கு முந்தைய ஆண்டே ரிசோலாட்டியும் மைக்கேல் ஆர்பிபும் இந்த ஒற்றுமையை அடிப்படையாக வைத்து, கைச்சைகையிலிருந்தே மொழி வளர்ந்தது என்ற கருதுகோளை எழுதியிருந்தார்கள்.

உணர்வுக்கும் இதே விளக்கம் நீண்டது. 2003இல் கிறிஸ்டியன் கீசர்ஸ் உள்ளிட்ட குழு, கெட்ட நாற்றத்தை முகரும்போதும், இன்னொருவர் முகம் சுளிப்பதைக் காணும்போதும் ‘இன்சுலா’ என்ற மூளை மடிப்பின் ஒரே பகுதி செயல்படுவதாகச் சொன்னது. மறு ஆண்டு டானியா சிங்கர் 16 இணையரை வைத்துச் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. துணைக்கு வலிக்கிறது என்ற குறியைக் கண்டதும், வலியின் துன்பத்தைச் சார்ந்த பகுதிகள் பெண்ணின் மூளையில் விழித்தன. வலி எங்கே, எவ்வளவு என்று அளக்கும் பகுதிகள் விழிக்கவில்லை. பிறர் வலியை மனிதர் உணர்வது உண்மை. அதைத் தம் தோலில் உணர்வதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது பாதி பிரபலக் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போனது.

பிரபலம் அதற்குள் பெருகியிருந்தது. அதில் பெரும்பங்கு வி.எஸ். ராமச்சந்திரனுடையது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பணியாற்றிய அவர், உயிரியலுக்கு டி.என்.ஏ. எப்படியோ உளவியலுக்குக் கண்ணாடி நியூரான் அப்படி ஆகும் என்று 2000இல் கணித்தார். சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதக் கருவிகளும் கலையும் திடீரென வளர்ந்ததற்கும் இச்செல்களையே காரணமாகச் சுட்டினார். கையை இழந்தவர்கள் உணரும் மாயக்கை வலிக்குச் சாதாரணக் கண்ணாடிப் பெட்டியால் நிவாரணம் கண்ட மருத்துவர் சொன்னதால் அந்தக் கணிப்புக்குத் தனி எடை இருந்தது. 2006இல் லிண்ட்சே ஓபர்மனுடன் சேர்ந்து, ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த அமைப்பு பழுதாகியிருக்கிறது என்ற ‘உடைந்த கண்ணாடி’க் கருத்தை எழுதினார். வேறு ஆய்வகங்களிலிருந்தும் ஆதரவாகச் சில முடிவுகள் வந்தன. ஆனால் ஆட்டிசக் குழந்தைகள் பிறர் செயலின் நோக்கத்தைப் பார்த்து அதையே செய்வதில் குறைவில்லாமல் இருப்பதைச் சோதனைகள் காட்டின; 2008இல் விக்டோரியா சவுத்கேட்டும் அன்டோனியா ஹாமில்டனும் அக்கருத்தை விரிவாக மறுத்தார்கள். ஒரு குழந்தையின் தனித்தன்மையை ‘உடைந்தது’ என்று பெயரிடுவதற்கு அந்தச் சான்று ஒருபோதும் போதவில்லை.

எல்லா விளக்கங்களுக்கும் அடியில் ஒரு முரண் இருந்தது. கண்ணாடி நியூரான் கண்டறியப்பட்ட மக்காக் குரங்கு, பார்த்ததைப் போலச் செய்வதில் தேர்ந்த விலங்கல்ல. புதிய செயலைப் பார்த்து அப்படியே கற்பது அதற்கு மிகக் கடினம். செல் இருந்தும் திறன் இல்லையென்றால், அந்தச் செல்லையே போலச்செய்தலின் காரணம் என்று எப்படிச் சொல்வது? இதை உணர்ந்தே பார்மா குழு தொடக்கத்திலிருந்து போலச்செய்தலைவிடப் புரிந்துகொள்ளுதலை வலியுறுத்தியது. முதல் கட்டுரையின் தலைப்பிலேயே அச்சொல் இருந்தது. ஆனால் அதுவும் எளிதில் நிற்கவில்லை. கலிபோர்னியாவின் கிரெகரி ஹிக்காக் 2009இல் எட்டு ஆட்சேபங்களை அடுக்கினார். புரோக்கா பகுதி சிதைந்து பேச்சிழந்தவர்கள் பிறர் பேச்சைப் பெருமளவு புரிந்துகொள்கிறார்கள். குரைக்கத் தெரியாத மனிதருக்கு நாய் குரைப்பது என்னவென்று தெரிகிறது. பின்னர் 2016இல் ஜில் வானஸ்கார்ப்ஸும் அல்ஃபோன்சோ காரமாட்சாவும், பிறவியிலேயே கைகள் இல்லாதவர்கள் பிறர் கைச்செயல்களை மற்றவர்களைப் போலவே இனம் காண்பதைக் காட்டினார்கள். செய்ய முடியாததையும் புரிந்துகொள்ள முடிகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்து வேறு உண்மை ஒன்றும் வளர்ந்திருந்தது. பிறர் மனத்தில் உள்ள நம்பிக்கை தவறானது என்று அறிவது, அவர் கையசைவைப் படிப்பதிலிருந்து வேறான வேலை. 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ஆகியோர் இரண்டு பொம்மைகளையும் ஒரு கோலிக்குண்டையும் வைத்து அந்தத் திறனைச் சோதித்திருந்தார்கள். 2003இல் ரெபெக்கா சாக்ஸும் நான்சி கான்விஷரும் பிறர் எண்ணத்தைப் பற்றிய கதைகளுக்கு, காதுக்குச் சற்று மேலும் பின்னுமாக மூளை மடல்கள் சந்திக்கும் பகுதி தனியே செயல்படுவதைக் கண்டார்கள். அது கண்ணாடி அமைப்பின் பகுதியன்று. பிறரைப் புரிந்துகொள்ளுதல் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன.

இச்செல்கள் எங்கிருந்து வருகின்றன என்ற விவாதமே இவ்வரலாற்றில் மிக வளமானது. பிறப்பிலேயே உண்டு என்பவர்களுக்கு 1977இல் ஆண்ட்ரூ மெல்ட்சாஃபும் கீத் மூரும் செய்த ஆய்வு ஆதாரமாக இருந்தது: 12 முதல் 21 நாள் வயதுள்ள சிசுக்கள், எதிரில் இருப்பவர் நாக்கை நீட்டினால் தாமும் நீட்டின. லண்டனில் செசிலியா ஹேய்ஸ் நேர்மாறாகச் சொன்னார். குழந்தை தன் கையை அசைக்கும்போதே அதைப் பார்க்கிறது. சிரிக்கும்போது தாய் திரும்பச் சிரிக்கிறாள். இப்படிப் பார்வையும் செயலும் ஆயிரமாயிரம் முறை ஒன்றாக நேர்வதால் இரண்டும் பிணைந்துவிடுகின்றன. மணியோசையும் உணவும் பாவ்லோவின் நாய்க்குள் பிணைந்ததைப் போல. 2007இல் கரோலின் கேட்மர், வின்சென்ட் வால்ஷ், ஹேய்ஸ் மூவரும் இதைச் சோதித்தார்கள். சுட்டுவிரலைக் கண்டால் சுண்டுவிரலை அசைக்கும்படி ஆட்களைப் பழக்கினார்கள். பயிற்சிக்குப் பின் காந்தத் தூண்டலில், சுட்டுவிரலைப் பார்த்தபோது சுண்டுவிரல் தசையே கூடுதலாகத் துடித்தது. பழக்கம் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டது. 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்பது வாரம் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், நாக்கு நீட்டல் உள்ளிட்ட எந்தச் சைகையிலும் போலச்செய்தலுக்குச் சான்று கிடைக்கவில்லை. விவாதம் ஹேய்ஸின் பக்கம் சாய்ந்தது.

நடனக் கலைஞர்களை வைத்து பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ செய்த ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின. பாலே ஆடுபவர்கள் பாலேயைக் கண்டபோதும், பிரேசிலின் கபோய்ரா ஆடுபவர்கள் கபோய்ராவைக் கண்டபோதும் இயக்கப் பகுதிகள் கூடுதலாக விழித்தன. 2006இல் அவர் இன்னும் ஒரு படி போனார். பாலேயில் ஆண், பெண் அசைவுகள் வேறு. இரு பாலாரும் ஒரே அறையில் பயில்வதால் மற்றவரின் அசைவைத் தினமும் பார்க்கிறார்கள், ஆனால் ஆடுவதில்லை. பார்த்துப் பழகிய அசைவைவிட ஆடிப் பழகிய அசைவுக்கே மூளை கூடுதலாகப் பதிலளித்தது. கண்பழக்கமும் கைப்பழக்கமும் இப்படித் தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டது அரிது.

மனித மூளையில் ஒற்றைச் செல்லையே பார்க்கும் வாய்ப்பு வலிப்பு நோய் சிகிச்சையால் அமைந்தது. வலிப்பு தொடங்கும் இடத்தைக் கண்டறிய மின்முனை பொருத்தப்பட்ட 21 நோயாளிகளிடம் ராய் முகமெல், இட்சாக் ஃப்ரீட், யாக்கோபோனி ஆகியோர் 1177 செல்களைப் பதிவு செய்து 2010இல் வெளியிட்டார்கள். செய்யும்போதும் காணும்போதும் துடிக்கும் செல்கள் மனிதரிடமும் உண்டு. எதிர்பார்த்த புரோக்கா பகுதியில் மின்முனை இல்லை. மின்முனை இருந்த முன்மூளை நடுப்பகுதியிலும், நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அவை இருந்தன. சில செல்கள் செய்யும்போது கிளர்ந்து, காணும்போது அடங்கின. தன் செயலையும் பிறர் செயலையும் மூளை குழப்பிக்கொள்ளாமல் இருக்க இவை உதவலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

பார்மாவும் தன் கூற்றைக் கூர்மைப்படுத்திக்கொண்டது. 2016இல் ரிசோலாட்டியும் தத்துவ அறிஞர் கொர்ராதோ சினிகாலியாவும் எழுதிய மறுஆய்வில், கண்ணாடி அமைப்பு புரிதலுக்கு ஒரே வழி என்ற தொனி இல்லை. வெளியிலிருந்து ஊகித்தும் பிறர் செயலை அறியலாம்; அதே செயலைச் செய்யத் தெரிந்தவர் உள்ளிருந்தும் அறிகிறார்; இரண்டாவதற்குத்தான் இந்த அமைப்பு. 2022இல் ஹேய்ஸும் கேட்மரும் முப்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடலசைவைப் போலச் செய்வதிலும், அசைவுகளை இனம் பிரிப்பதிலும் இச்செல்களுக்குப் பங்கு உண்டு என்றும், நோக்கத்தை ஊகிப்பதில் பங்கு இருப்பதாகக் காட்டும் சான்று வலுவற்றது என்றும் முடிவுசெய்தார்கள்.

பார்மாவில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது: இச்செல்களை அணைத்துவிட்டால் நடத்தை மாறுமா? அதற்குப் பதில் சொன்னது குரங்கல்ல, எலி. புறணியுமல்ல, பரிணாமத்தில் மிகப் பழைய ஹைப்போதலாமஸ். 2023இல் ஸ்டான்ஃபோர்டில் நிராவ் ஷாவின் குழு, சண்டையிடும்போதும் பிற எலிகள் சண்டையிடுவதைப் பார்க்கும்போதும் துடிக்கும் செல்களை அங்கே கண்டது. சண்டையைப் பார்த்தபோது துடித்த செல்களை மட்டும் மரபணு முறையில் அடையாளமிட்டு அடக்கியபோது எலி சண்டையிடுவதைக் கைவிட்டது. அவற்றையே தூண்டியபோது அது பாய்ந்தது, எதிரில் வைத்த கண்ணாடியில் தெரிந்த தன் பிம்பத்தின் மேலும்.